மலைக்கு அந்தாண்ட பொழுது

எல்லம்மாள் வீட்டுக் கோழி செத்ததற்கு நான்தான் காரணம். கோழியோடு போயிருந்தால் பரவாயில்லை. கூடவே ஒரு சட்டமன்றத் தொகுதியும் போகப் பார்த்தது.

எழுபத்தேழாம் வருஷம், ஜூன் மாதம். வெயில் மலையை வறுத்துத் திருவண்ணாமலையின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. என் சீனியர் வக்கீல் குணமதி தேர்தலில் நின்றார். நான் அவருடைய ஜூனியர் வேடியப்பன். ஜூனியர் என்றால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள். ஆறு வருஷமாகத் தூக்கினேன். நான் தனியாக வாதாடிய ஒரே வழக்கில் என் கட்சிக்காரர், தீர்ப்பு வருவதற்கு முன்பே எதிராளியிடம் போய் சமாதானம் பேசிவிட்டார். என் வாதத்தைக் கேட்டபின் அதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியதாம்.

சீனியர் அப்படியில்லை. ஜீவனாம்ச வழக்கு என்றால் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் நேராக அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கட்சி அவரைக் கூப்பிட்டு சீட்டுக் கொடுத்ததற்கும் அதுதான் காரணம். இந்தத் தொகுதி எப்படியும் தேறாது, ஒரு பெண்பிள்ளையை நிறுத்தினோம் என்ற பேராவது மிஞ்சட்டும் என்று மேலே யாரோ சொன்னதாகவும் கேள்வி. சீனியருக்கு அது தெரியும். "தோக்கறதுக்குன்னே குடுக்கற கேஸை நான் எத்தன ஜெயிச்சிருக்கேன்" என்று சொல்லி மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்தார்.

என்னைத் தேர்தல் ஏஜெண்டாகப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "அதுக்கு வாய்தா, வேடியப்பா" என்றார். சீனியரிடம் நேரான பதில் வாங்கிய ஜூனியர் இன்னும் பிறக்கவில்லை. கோர்ட்டில் வாய்தாவே கேட்காதவர், என் கேள்விகளுக்கு மட்டும் வாய்தா போட்டுக்கொண்டே இருப்பார்.

இனி கோழிக்கு வருகிறேன்.

கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. அதன் காலனியில் எல்லம்மாள் என்று ஒருத்தி. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். அவள் தலையில் துண்டைக் கட்டினால்தான் மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பி வீட்டுக் கதவைச் சாத்துவார்கள். சுற்றியுள்ள நாலைந்து ஊர்க் கழனிகளில் அவள் பேச்சுதான் பேச்சு. எல்லம்மாள் நம் பக்கம் என்றால் மலைக்கு மேற்கே இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் நம் பக்கம் என்று கணக்குப் போட்டு, நான் நேரே போய்ச் சொன்னேன்: "யக்கா, சீனியர் நாளைக்கு ராத்திரி உங்க வூட்லதான் சாப்பாடு."

தேர்தல் என்றால் எல்லோரும் அக்காதான்.

"எங்க வூட்லயா?" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "இன்னா ஆக்கறது?"

"ஒரு கோழி அடிச்சா போதும்கா."

இதைச் சொன்னது என் வாய். சொல்ல வைத்தது என் வயிறு. மூளை அப்போது அந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஏனென்றால் என் சீனியர் நயினார் வீட்டுப் பெண். வந்தவாசிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற சமணக் குடும்பம். அந்த வீட்டில் கறி என்ற சொல் கரி மூட்டையைத்தான் குறிக்கும். அதைவிட முக்கியம், பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வாயில் ஒரு பருக்கை போகாது. ஆறு வருஷமாக சாயங்காலக் கோர்ட்டு வராந்தாவில், அவர் சூரியனைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி இட்லியை நான்தான் தின்றிருக்கிறேன். அப்படியும் மறந்தேன்.

மறுநாள் இருட்டியபின் போய் இறங்கினோம். காலனியே திரண்டிருந்தது. பாயை உதறிப் போட்டு, தலைவாழை இலை விரித்திருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குழம்பு மினுங்கியது. வாசனை வந்ததும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கோர்ட்டில் பொய்ச் சாட்சிகள் மேல்தான் பார்த்திருக்கிறேன்.

நான் முந்திக்கொண்டேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லக்கா..."

"வயிறு நல்லாத்தான் இருக்கு" என்றார் சீனியர். பொய் சொல்லத் தெரியாத வக்கீல் என்பது எவ்வளவு பெரிய தொந்தரவு பாருங்கள். "மன்னிச்சுக்கங்கம்மா. நாங்க கறி சாப்பிடறதில்ல. பொழுது போயிட்டா எதுவுமே சாப்பிடறதில்ல. உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

எல்லம்மாள் இலையைப் பார்த்தாள், சீனியரைப் பார்த்தாள், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"ஓகோ" என்றாள். "எங்க வூட்டுக்கு வரும்போதுதான் பொழுது போவுதா?"

ஆக்கிய சோறு வீணாகக் கூடாது, அவள் மனசும் நோகக் கூடாது என்று நான் ஒரு தியாகம் செய்தேன். இலைமுன் உட்கார்ந்து முழுக் கோழியையும் சாப்பிட்டேன். நிலைமையைச் சரிசெய்கிறேன் என்றுதான் நினைத்தேன். காலனிப் பிள்ளைகள் வரிசையாக நின்று என் வாயையே பார்த்தார்கள். நான் தொடையைக் கடிப்பதை ஒரு பாட்டி காறித் துப்பிவிட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையே எதிர்க்கட்சி ஜீப் தேரடித் தெருவில் கத்திக்கொண்டு போனது: "காலனிச் சோறு வக்கீலம்மாவுக்கு எறங்காதாம்! காலனி ஓட்டு மட்டும் எறங்குமாம்! சிந்திப்பீர் வாக்காளப் பெருமக்களே!" வாக்காளப் பெருமக்கள் சிந்திக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேங்கிக்காலில் ஓட்டுக் கேட்கப் போனால், "ஏம்மா, எங்க வூட்டுத் தண்ணியாவது குடிப்பியா?" என்று ஒருத்தி சொம்பை நீட்டினாள். நல்ல வேளை, பட்டப்பகல். சீனியர் சொம்பை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அடுத்த வீட்டிலும் சொம்பு. அந்தத் தெரு முடிவதற்குள் அவர் குடித்த தண்ணீருக்கு வேங்கிக்கால் ஏரி ஒரு படி இறங்கியிருக்கும்.

எங்கள் மாவட்டச் செயலாளர் ஆதிமூலம் கொதித்தார். கட்சியில் அவரை யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். "மாவட்டம்" என்றுதான் கூப்பிடுவார்கள். மாவட்டம் வந்தாரு, மாவட்டத்துக்குக் காப்பி குடு, மாவட்டத்துக்கு மூலம். மாவட்டம் என்னைப் பார்த்து, "நீ எந்தக் கட்சிக்கு ஏஜெண்ட்டுய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சீனியர் என்னைத் திட்டவேயில்லை. அதுதான் வலித்தது. "எல்லம்மாகிட்ட போங்க. நான் பகல்ல வந்து சாப்பிடறேன்னு சொல்லுங்க. அவங்க சொல்ற நாள், அவங்க ஆக்கறத" என்றார்.

போனேன். எல்லம்மாள் கழனி வரப்பில் நின்றுகொண்டு, சேற்றுக் காலோடு எனக்குத் தீர்ப்பு வாசித்தாள்.

"பகல்ல நாங்க இன்னா வூட்லயா குந்திகினு இருக்கோம்? கழனில குனிஞ்சிகினு இருக்கோம். வெள்ளிக்கெழம கொஞ்சம் சீக்கிரம் வேல வுடுவாங்க. அன்னிக்கி வரச் சொல்லு. பொழுதுக்கு முன்ன வந்தா சோறு. பொழுது போயி வந்தா, நீயும் வராத, உங்க வக்கீலம்மாவும் வர வாணாம்."

"சரிக்கா. வந்தா ஓட்டு...?"

"கோழி ஜீரணமாச்சா வக்கீலே?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து களை பறிக்க ஆரம்பித்தாள். வரப்பு முழுக்கச் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை. பிரசாரத்தின் கடைசி நாள். அன்றைக்கென்று மெட்ராஸிலிருந்து கட்சியின் பெரிய பேச்சாளர் ஒருவரை மாவட்டம் வரவழைத்துவிட்டார். மூன்று மணிக்கு காந்தி சிலை மைதானத்தில் கூட்டம் என்று நோட்டீஸ். பேச்சாளர் பேசி, வேட்பாளர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டால், நாலரைக்கு நாங்கள் அடி அண்ணாமலையில் இருக்கலாம் என்று திட்டம் போட்டவன் நான். என் திட்டம் என்றால் அதற்கு என்ன கதி வரும் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மூன்று மணிக்கு வரவில்லை. நாலுக்கு வரவில்லை. போளூர் தாண்டிவிட்டார் என்றார்கள். போளூரில் இருக்கிறார் என்றார்கள். போளூரில் டிபன் சாப்பிடுகிறார் என்றார்கள். கூட்டத்தை உட்காரவைக்க நான் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. ஐந்து மணிக்குமேல் ஆயிற்று. சூரியன் மெல்ல இறங்கி மலை உச்சியைத் தொட்டது. பிறகு போயே போய்விட்டது. மலையின் நிழல் மைதானத்தில் இறங்கி, மேடை ஏறி, என் காலைத் தொட்டது.

நான் கிழக்கு வீதியில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்கு சூரியன் என்பது கோபுரத்துக்கு இந்தப் பக்கம் வந்து மலைக்கு அந்தப் பக்கம் போகிற ஒரு பொருள். மலைக்குப் பின்னால் போனால் அன்றைய கதை முடிந்தது.

சீனியர் மேடையில் எழுந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மாவட்டம்.

"அடி அண்ணாமலைக்கு."

"ஐயோ, இன்னாம்மா நீங்க! அவரு வர்ற நேரம். மேடையில வேட்பாளர் இல்லன்னா அவரு இன்னா நெனப்பாரு? நாளைக்கு மந்திரிசபைக்குப் பேரு சொல்றதே அவருதாம்மா!" பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அதுவுமில்லாம, பொழுதுதான் போயிடுச்சே. இனிமே போயும் நீங்க சாப்பிட முடியாது. உக்காருங்க."

சீனியர் மலையைப் பார்த்தார். பிறகு மாவட்டத்தைப் பார்த்தார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் தப்பான செக்‌ஷனைச் சொல்லிவிட்டால் வருமே ஒரு சின்னச் சிரிப்பு, அது வந்தது.

"மாவட்டம், சூரியன் மறையல. மலை மறைச்சிருக்கு. ரெண்டும் வேற வேற." மேடைப் படியில் இறங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பொழுது இருக்கு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

என் முப்பத்தொரு வயசில் அந்தச் சூரியன் மலைக்குப் பின்னால் போய் என்ன செய்கிறது என்று நான் யோசித்ததேயில்லை. குதித்து ஓடினேன்.

கட்சி கொடுத்த அம்பாசிடர் கார். கூரைமேல் ரெண்டு குழாய் ஒலிபெருக்கி. டிரைவர் அர்ஜுனன். பாரதத்திலேயே தேர் ஓட்டியது அர்ஜுனன் இல்லை. எதிரில் மாடு வந்தால் மாட்டுக்கு வழிவிட்டு, பின்னால் கன்று வருகிறதா என்றும் பார்ப்பான். "அர்ஜுனா, ஓட்டுடா!" என்று கத்தினேன். வண்டி சீறியது. தெருமுனையிலேயே எதிரே கொடி கட்டிய கார்கள் வரிசையாக வந்தன. பேச்சாளர்! எங்கள் வேட்பாளர் தன்னைக் கடந்து எதிர்த்திசையில் பறப்பதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சீனியர் கைகூப்பினார். கார் நிற்கவில்லை.

"சீனியர், மந்திரிசபை போவுது" என்றேன்.

"ரோட்டப் பாருங்க வேடியப்பா."

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதையில் திரும்புகிற இடத்தில் ஆட்டு மந்தை. ஒவ்வோர் ஆடும் எங்களை நின்று பார்த்து, யோசித்து, பிறகு தாண்டியது. மேய்க்கிற பெண் பொன்னி சீனியருடைய பழைய கட்சிக்காரி. புருஷன்மேல் வழக்குப் போட்டு ஜீவனாம்சமாக வாங்கிய ஆடுகளின் வம்சம்தான் இந்த மந்தை. "வக்கீலம்மா! நல்லா கீறீங்களா?" என்று நடுரோட்டில் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். "பொன்னி, ஆட்ட ஓட்டு, அம்மா சாப்பிடப் போவணும்!" என்று நான் தலையை நீட்டிக் கத்தினேன். "ஐயோ பாவம், அவ்ளோ பசியா?" என்று அவள் பதறிப்போய் மந்தையை விரட்டினாள்.

ஆடு தாண்டியது. கார் தாண்டவில்லை. முன்னாலிருந்து ஆவி பொங்கி வந்தது.

"ரேடியேட்டர்ல தண்ணி இல்ல சார்" என்றான் அர்ஜுனன்.

"காலையில ஊத்தலையா?"

"நீங்கதான ஊத்தறேன்னீங்க?"

ஆமாம். நான்தான். சுற்றிலும் ஒரு கிணறு இல்லை. அப்போதுதான் டிக்கியில் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. பேச்சாளரின் தொண்டைக்காக நான் வாங்கி, மேடைக்கு எடுத்துப் போக மறந்த கோலி சோடா. வாழ்க்கையில் என் மறதி உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான். கட்டைவிரலால் கோலியைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக ரேடியேட்டரில் ஊற்றினோம். அது புஸ் புஸ்ஸென்று ஏப்பம் விட்டது. சீனியரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சோடா உடைத்தார். வருங்கால அமைச்சர் ஒருவர் காருக்குச் சோடா கொடுத்த காட்சியைப் படம் பிடிக்க ஒரு ஆள் இல்லையே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

வண்டி கிளம்பியது. மலையின் தோள் மெல்ல மெல்ல விலகியது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. புளியமரங்களுக்கு நடுவே ஏதோ மின்னியது.

பிறகு மலை ஒதுங்கிக்கொண்டது. சூரியன்!

பனைமரத்துக்குமேல், முழுசாக, பழுத்துத் தொங்கிக்கொண்டு. வயல் முழுக்க மஞ்சள். "இருக்கு! இருக்கு சீனியர்!" என்று நான் காருக்குள்ளேயே எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டேன். அர்ஜுனன்கூட ஹாரனை விடாமல் அடித்தான். ஊரில் எல்லோரும் சூரியனுக்குக் காரியம் செய்துவிட்டார்கள், அது பாட்டுக்கு இங்கே உட்கார்ந்து எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

எல்லம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கையில் துடுப்பு. வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

"வந்துட்டீங்களா? கீர கடைஞ்சிட்டேன். களி இன்னும் கிண்டல" என்றாள். முதல்முறையாக அவள் குரலில் ஒரு தடுமாற்றம்.

"கிண்டுங்க. உக்காந்திருக்கேன்" என்று சொல்லி சீனியர் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்தக் காலனியில் நடந்ததைத் தேர்தல் என்று சொல்ல முடியாது. அது ஒரு பந்தயம். ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் களி. ஒருத்தி காய்ந்த பனைமரப் பன்னாடையைக் கொண்டுவந்து அடுப்பில் திணித்தாள். ஒருத்தி ஊதினாள். தண்ணீர் கொதிக்குமுன் கொதித்துவிட்டதென்று நாலு பேர் சொன்னார்கள். கேழ்வரகு மாவு விழுந்தது. எல்லம்மாள் பானையைக் காலால் இடுக்கிக்கொண்டு துடுப்பைப் போட்டுச் சுழற்றினாள்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே பெரிய வேலையாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். கார்மேல் ஏறி, மைக்கைப் பிடித்து, கையை நீட்டி, சூரியனுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை விரல் இருக்கிறது என்று அளந்து அறிவிக்க ஆரம்பித்தேன்.

"மூணு விரல் இருக்கு! மூணு விரல்! அன்பார்ந்த அடி அண்ணாமலை மக்களே, மூணு விரல்!"

மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். ஊர்த் தெருவிலிருந்து, காலனிக்குள் காலே வைக்காத சில பெரிய மனிதர்கள்கூட என்ன கூத்து என்று எட்டிப் பார்க்க வந்தார்கள்.

"ரெண்டு விரல்! யக்கா, சீக்கிரம்!"

"நீ வாய மூடினா நான் கிண்டி முடிச்சிடுவேன்!" என்று உள்ளேயிருந்து எல்லம்மாள் கத்தினாள்.

களி இறங்கியது. தட்டில் உருண்டையாக விழுந்தது. நடுவில் குழி, குழியில் கீரை. அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். தட்டை நீட்டியவள் சட்டென்று நிறுத்தி, குனிந்து, சீனியர் காதில் என்னவோ சொன்னாள். சீனியர் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ பதில் சொன்னார். சின்னப் பதில்தான். எல்லம்மாள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு தட்டை வைத்தாள்.

எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. ரெண்டு ஒலிபெருக்கியிலும் என் குரல்தான் அலறிக்கொண்டிருந்தது.

சீனியர் சாப்பிட்டார். சுடச்சுடக் களி; விரல் சிவந்தது, கண் கலங்கியது, ஊதி ஊதி விழுங்கினார். "ஒரு விரல்!" என்றேன். சின்னப் பெண்கள் எல்லாம் "சாப்டும்மா, சாப்டும்மா!" என்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "அரை விரல்!" நான் இன்னும் குனிந்து பார்த்தேன். "தொட்டிடுச்சி... போவுது... போவுது..."

போய்விட்டது. தட்டில் இன்னும் ஒரு வாய்க் களி இருந்தது.

நான் மைக்கை இறக்கினேன். எல்லோரும் அந்த ஒரு வாயைப் பார்த்தார்கள். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். சாப்பிட்டால் அவருடைய விரத நேமம் போகும்.

எல்லம்மாள்தான் பேசினாள். "போதும் வக்கீலம்மா, எய்ந்திரு. கை கழுவு. பொழுது போச்சி" என்று சொம்புத் தண்ணீரை நீட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னா பாக்கறீங்க? அவங்களுக்குப் பொழுது போயிட்டா சாப்பாடு கெடயாது. போய் வேலயப் பாருங்க" என்று அதட்டினாள். ஏதோ அந்தச் சட்டத்தை அவளே இயற்றியதுபோல.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லம்மாள் சொன்னாள்: "உங்களுக்கு நேமம், பொழுதோட சாப்பிடறீங்க. எங்களுக்கு பஸ் இல்ல. டவுனுக்கு வேலைக்குப் போனா நடந்து வந்து ஒல வெக்கறதுக்குள்ள ஊரே தூங்கிடுது. ஒரு பஸ் வுடச் சொல்லு. நாங்களும் பொழுதோட சாப்பிடறோம்."

"முடியும்னு சொல்ல மாட்டேன். கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார் சீனியர்.

நான் எல்லம்மாளை ஓரமாகக் கூப்பிட்டேன். "யக்கா, காதுல இன்னா சொன்ன? ஓட்டப் பத்தியா?"

"களிக்கி உப்பு பத்துமான்னு கேட்டேன்."

காரில் சீனியரைக் கேட்டேன். "அதுக்கு வாய்தா, வேடியப்பா."

சீனியர் ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான், ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிடலாம். அந்தக் காலத்தில் பெட்டிகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் எண்ணினார்கள். எந்த ஊர் எப்படிப் போட்டது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அடி அண்ணாமலைதான் ஜெயிக்கவைத்தது என்று நான் சொன்னேன். தன் மீட்டிங்தான் என்று மாவட்டம் சொன்னார். எல்லம்மாளைக் கேட்டால் தெரியும். அவளைக் கேட்டேன், "ஓட்டு ரகசியம்னு நீதான மைக்ல சொன்ன?" என்றாள்.

பேச்சாளர் அந்தக் காரை மறக்கவில்லை. முதல் மந்திரிசபையில் சீனியர் பேர் இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சட்டமன்றத்தில் எழுந்து எழுந்து கேள்வி கேட்டார். வழக்கம்போலக் கேட்டார்: பதில் சொல்கிறவர் தண்ணீர் குடிக்கிற மாதிரி. வாயை மூட வேறு வழி தெரியாமல் எண்பதில் அவரை அமைச்சராக்கினார்கள் என்பது என் துணிபு. பதவி ஏற்கிற அன்று நான் மெட்ராஸ் போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தேன். ஒரு போலீஸ்காரர் என் தோளில் கை வைத்தார். சீனியர் ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தார். என்னைப் பொறுத்தவரை அதை அவர் மூன்று வருஷம் முன்பே எல்லம்மாள் வீட்டு அடுப்பங்கரையில் எடுத்துவிட்டிருந்தார்.

அமைச்சர் என்றால் விருந்து. விருந்து என்றால் ராத்திரி. அதிகாரிகள் முதலில் திண்டாடினார்கள். பிறகு, குணமதி அம்மாள் வருகிறார் என்றால் எந்த ஊரிலும் மாலை ஐந்துக்கே இலை போட்டுவிடுவார்கள். அதனால் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்து, ஆபீஸ் பெண்களெல்லாம் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

பஸ் மட்டும் வரவில்லை. போக்குவரத்து அவர் துறையில்லை. ஆனால் போக்குவரத்து அமைச்சரின் அறை இவர் அறைக்கு எதிரில். தினமும் சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் எதிர் அறைக்குப் போய், "எங்க ஊர்ல ஒரு அம்மா இன்னும் சாப்பிடல" என்பாராம். அவர் பதில் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாராம். மறுநாள் மறுபடியும். மழைக்காலம் போய், வெயில் போய், மறுபடி மழை வந்தது. எண்பத்திரண்டில் அந்த மனிதர், பஸ்ஸைக் கொடுத்துவிட்டுத் தன் பஜ்ஜியை நிம்மதியாகச் சாப்பிட முடிவு செய்தார்.

முதல் வண்டி, சாயங்கால வண்டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரிவலப் பாதை வழியாக அடி அண்ணாமலை. நெற்றியில் சந்தனம், கழுத்தில் வாழைமரம், கூரையில் நாலு பேர். மாவட்டம் கொடி அசைத்தார். அமைச்சர் கார் வேண்டாமென்று சொல்லி பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கினார். டவுனில் சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் கூடையும் சட்டியுமாக ஏறி, அமைச்சருக்குப் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போனது. ஊர் இருண்டது. அந்த வளைவில் திரும்பியதும் சூரியன் மறுபடி வந்தது. பஸ் முழுக்க "ஓ" வென்று ஒரே சத்தம். நான் படியில் தொங்கிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

எல்லம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தாள். மடியில் அரைக்கீரைக் கட்டு. நான் கூட்டத்தில் நீந்திப்போய் அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன்.

"யக்கா, பஸ்ஸு வந்துடுச்சி. இப்பவாவது சொல்லு. எழுபத்தேழுல சீனியருக்கு ஓட்டுப் போட்டியா இல்லையா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இன்றைக்கும் ஏதாவது உப்பு, புளி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போடல" என்றாள்.

எனக்கு பஸ்ஸே நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"எனக்கு ஓட்டே கெடயாதுய்யா அப்போ. பேரு எழுதிகினு போக ஆளுங்க வந்தப்போ நான் கழனில இருந்தேன். ஏஜெண்ட்டுன்னு சுத்திகினு இருந்தியே, பாத்தியா நீ?" என்றாள். நான் பார்க்கவில்லை. எல்லம்மாளுக்கு ஓட்டு இருக்கிறதா என்று தொகுதியிலேயே பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான். "மத்தவளுங்க போட்டாளுங்களான்னு என்ன கேக்காத. அது அவளுங்க இஷ்டம்."

"அப்போ... அன்னிக்கி காதுல...?"

முன்சீட்டில் யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டிருந்த அமைச்சர் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லம்மாள் கீரைக்கட்டை மடியில் நகர்த்தி வைத்தாள்.

"அதான் சொன்னேன். தட்டக் குடுக்கும்போது மனசு கேக்கல. மேடைய வுட்டுட்டு, மூச்சு வாங்க ஓடியாந்து குந்திகினு இருக்குது. ‘எம்மா, எனக்கு ஓட்டு இல்ல, வீணா வந்துட்ட’ன்னேன்."

"சீனியர் இன்னா சொன்னாங்க?"

"‘சரி, களி ஆறுது, போடும்மா’ன்னுச்சி."